புது ஊரில் கிளை நூலகம்: எதற்கெல்லாம் போகலாம், எப்படிப் போகலாம்

வேலை மாற்றலிலோ, கல்யாணமாகியோ, ஓய்வு பெற்றோ ஒரு சின்ன ஊருக்குக் குடிவருபவர்கள் முதல் வாரத்தில் விசாரிப்பது பால்காரர், கேஸ் ஏஜென்சி, பள்ளிக்கூடம், கைராசி டாக்டர். கிளை நூலகம் அந்தப் பட்டியலில் வருவதில்லை. யாராவது சொன்னாலும் ‘எனக்கு எங்கேங்க படிக்கிற பழக்கம்’ என்று தள்ளிவிடுவார்கள். புத்தகமே தொடாதவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. பேரூராட்சி அளவுள்ள ஊரில், காரணம் சொல்லாமல் உள்ளே போய், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஊர் விவரம் தெரிந்த நாலு பேரிடம் காசில்லாமல் கேட்டுக்கொள்ளக்கூடிய அரசு இடம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

தயங்குகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. வாடகைக்குக் குடியிருந்தால் வாடகையோடு சேர்த்து அதையும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. இந்தியாவில் எந்த மாகாணமும் அதற்குமுன் இப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. அதற்காகப் பல வருடம் மல்லுக்கட்டிய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் சின்ன ஊர்க்காரர்தான், சீர்காழியில் 1892இல் பிறந்தவர்.

எது உங்கள் நூலகம்?

மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம், அதற்குக் கீழே கிளை நூலகங்கள், கிராமங்களில் ஊர்ப்புற நூலகங்கள், அதற்கும் சிறிய இடங்களில் பகுதி நேர நூலகங்கள். எல்லாமே மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பு. உங்கள் ஊர் நடுத்தரமானது என்றால் ஒரு கிளை நூலகமாவது இருக்கும். பேருந்து நிலையத்து டீக்கடையில் ‘லைப்ரரி எங்கேங்க?’ என்று கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். கூகுள் மேப்பை நம்பிப் போனால், நூலகம் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகைக் கட்டடத்தில் கொண்டுபோய் விட்டாலும் விடும்.

பல நகராட்சிகளில் அண்மையில் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ என்று பளபளப்பான கட்டடங்கள் வந்திருக்கின்றன. அவை நகராட்சி நிர்வாகத்தின்கீழ் வருபவை, பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. உட்கார்ந்து படிக்க, கணினி பார்க்க அருமையான இடம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் கிளை நூலகத்துக்குத்தான் வரவேண்டியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், இரண்டையுமே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று நினைத்துப் பலர் போவதே இல்லை. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். இரண்டாம் சனியும் விடுமுறையாக இருக்கலாம். பல இடங்களில் காலை சில மணி நேரம், மாலை சில மணி நேரம் என்று பிரித்துத் திறப்பார்கள், நடுவில் மூடியிருக்கும். கதவிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள், முதல் தடவை போகும்போது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சின்ன நூலகங்களில் ஊழியர் ஒருவர்தான் இருப்பார், சில சமயம் அவருக்கே பக்கத்து ஊர் நூலகமும் கூடுதல் பொறுப்பாக இருக்கும். மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் என்றால் இங்கே பூட்டு. அறிமுகமான பிறகு அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் வீண் நடை மிச்சம்.

முதல் நாள் உறுப்பினராக வேண்டாம்

நாளிதழ் படிக்கவோ, உட்கார்ந்து புத்தகம் பார்க்கவோ உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாசலில் ஒரு வருகைப் பதிவேடு, நூலில் கட்டித் தொங்கும் பேனாவோடு இருக்கும். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். இதைச் சோம்பலில் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலிடத்துக்குப் போகும் கணக்கு அந்த நோட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உங்கள் ஊருக்கு இன்னும் ரெண்டு பத்திரிகை, ஒரு ஃபேன் கேட்டு நூலகர் எழுதும்போது அவர் கையிலிருக்கும் ஒரே ஆதாரம் அது.

முதல் நாள் வேலை ஒன்றே ஒன்று: அறிவிப்புப் பலகையைப் பொறுமையாகப் படிப்பது. குண்டூசி குத்தி, ஒன்றின்மேல் ஒன்றாகக் காகிதம் தொங்கும். மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் அடியில் இருப்பதையும் தூக்கிப் பாருங்கள். அரசு மருத்துவமனை கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி (கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்கும் நாள்) தேதி, டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை, யாரோ ஒருவர் கையால் எழுதி ஒட்டிய ‘இலவச ஹிந்தி வகுப்பு’ எல்லாம் அங்கே இருக்கும். இரண்டு அறிவிப்புகளைக் குறிப்பாகத் தேடுங்கள். ஒன்று, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டம். அரசுத் தேர்வுகளுக்கு அங்கே இலவசப் பயிற்சி. மற்றொன்று, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். மாவட்டத்துக்கு மாவட்டம் வங்கிகள் நடத்துவது. தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு மாதிரி தொழில்களை இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. இந்த மாதிரி தகவல்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும்.

உறுப்பினர் ஆவது

இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது சேர்ந்துகொள்ளுங்கள். உறுப்பினர் படிவம், ஆதார் அல்லது ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. சில இடங்களில் ஊரில் உள்ள அரசு ஊழியர் ஒருவரின் பரிந்துரைக் கையெழுத்தும் கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் விழிப்பார்கள். பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் போதும், பெரும்பாலும் தட்டாமல் போட்டுத் தருவார்கள். ஆதாரில் பழைய ஊர் முகவரி இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். ஏற்பது நூலகரின் கையில்.

காப்புத்தொகை என்று ஒரு சிறு தொகை, ஆண்டுச் சந்தா என்று அதைவிடச் சிறு தொகை. இரண்டும் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராது. காப்புத்தொகை ஊரைவிட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்கும், எனவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எடுத்த புத்தகத்தை இரண்டு வாரத்துக்குள் திருப்ப வேண்டும், தாமதத்துக்குச் சில்லறை அபராதம். தொலைத்துவிட்டால் தலைமறைவாகிவிடாதீர்கள். அதே புத்தகத்தை வாங்கித் தரலாமா, விலையைக் கட்டலாமா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

புத்தகத்தைத் தாண்டி

ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இதை உங்கள் உரிமையாக எடுத்துக்கொள்ளலாம். அலமாரி அலமாரியாகத் தடவிக்கொண்டு நிற்காமல் நேராகப் போய்க் கேளுங்கள். தேவையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ‘சார், ஊருக்குப் புதுசு. ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தணும், இங்க எங்க போகணும்?’ நூலகருக்கே பதில் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கையை நீட்டுவார். ‘ஜன்னல் பக்கத்துல பேப்பர் படிக்கிறாரே, அவர் ரெவின்யூல ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட கேளுங்க.’

அந்த ஜன்னலோரத்துப் பெரியவர்தான் சின்ன ஊர் நூலகத்தின் உண்மையான சொத்து. காலை பத்திரிகை நேரத்தில் போய்ப் பாருங்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், வங்கியில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று ஒரு அரசாங்கமே உட்கார்ந்திருக்கும். யாரோடு எதைப் பேசவேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த மேசை, மதியத்துக்கு மேல் போனால் யார் இருக்கமாட்டார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பித்தால் போதும். ஒரே எச்சரிக்கை: தலையங்கம் படித்துக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். வாசிப்புக் கூடத்துக்குள் பேசாமல் வெளித் திண்ணைக்கு அழைத்துப் போய்க் கேட்பது மரியாதை.

மனு எழுதுவதை இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஒரு பக்கத்துக்குள் விவரம், தேதி, கையெழுத்து, போன் எண். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையோ ஒப்புகைச் சீட்டோ வாங்கிக்கொள்ளவேண்டும். அது இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி இல்லை. தபாலில் அனுப்புவதானால் விரைவு அஞ்சல். பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது, பெரியவர்களில் சிலர் இன்னும் ‘ரிஜிஸ்டர் பண்ணிடு’ என்றுதான் சொல்வார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. மனு கொடுத்தும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், நீதிமன்ற வில்லையாக (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டலாம், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். கோபத்தைக் கொட்டாமல் ‘இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுமீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்’ என்று கேட்டால் வேலை நடக்கும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும்.

வழக்கு, குடும்பப் பிரச்சினை, நிலத் தகராறு என்றால் ஜன்னலோரத்து யோசனையோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவார்கள். போனில் கேட்க 15100.

இந்த எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மூத்த குடிமக்களுக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனம் சரியில்லை என்றால் 14416, இணையத்தில் பணம் பறிபோனால் 1930, முதலமைச்சர் உதவி மையம் 1100. பணம் பறிபோன விஷயத்தில் மட்டும் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930க்குப் போட்டால்தான் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

தேர்வுக்குப் படிப்பவர்கள்

குரூப் 4க்குத் தயாராகிறீர்கள் என்றால் உங்களுக்கு யாரும் வழி சொல்லவேண்டியதில்லை, நூலகத்தின் பாதி நாற்காலி உங்கள் ஆட்களுடையது. புதிதாக வந்தவருக்கு மட்டும் ஒன்றிரண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான பழைய, புதிய பாடப்புத்தகங்கள் நூலகத்தில் இருக்கும், ஒரு செட்டை இரவல் தராமல் அங்கேயே படிக்க வைத்திருப்பார்கள். வழிகாட்டி நூல்களில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், ஐந்து வருடப் பழைய நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்து பயனில்லை. பாடத்திட்டத்தை அறிவிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொண்டு அடிபடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய லாபம் அங்கே படிக்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குள்ளேயே மாதிரித் தேர்வு வைத்துக்கொள்வார்கள். ஒருவர் வினாத்தாள் அச்செடுத்து வருவார், இன்னொருவர் திருத்துவார். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். காலையில் பையை நாற்காலியில் வைத்து இடம்பிடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போகும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பஸ்ஸில் துண்டு போடுகிற நம் மக்கள் நூலகத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? சண்டை பிடிக்காதீர்கள், அந்தப் பையின் சொந்தக்காரர்தான் நாளைக்கு உங்களுக்கு நோட்ஸ் தரப்போகிறவர்.

பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்

நேர்மையாகச் சொல்லவேண்டும். சின்ன ஊர்களில் பத்திரிகைக் கூடம் ஆண்கள் கூடமாகத்தான் இருக்கிறது. உள்ளே நுழையும் பெண்ணை நாலு தலை நிமிர்ந்து பார்க்கும், ஒரு வாரம் தொடர்ந்து போனால் நிமிராது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழந்தையை அழைத்துக்கொண்டு சிறுவர் பகுதிக்குப் போவது நல்ல தொடக்கம். மகளிர் பகுதி தனியாக இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். வாடகைக் கட்டடங்களில் கழிப்பறை இல்லாத நூலகங்கள் இன்னும் இருக்கின்றன. இருக்கிறதா, திறந்துவிடுவார்களா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். இல்லை என்றால், மேலே சொன்ன மனு எழுத இதைவிட நல்ல பொருள் கிடையாது.

குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையில் ஓவியம், சதுரங்கம், கதை சொல்லல் என்று பல நூலகங்களில் முகாம் நடத்துவார்கள், ஏப்ரல் கடைசியிலேயே விசாரியுங்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த நாட்களில் போட்டிகள் நடக்கும், உறுப்பினர் சேர்க்கையும் மும்முரமாக இருக்கும்.

வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால் ‘நூலக நண்பர்கள்’ பற்றிக் கேளுங்கள். தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கிப்போகும் அரசுத் திட்டம் அது. உங்கள் நூலகத்தில் தன்னார்வலர் யாரும் இல்லை என்றால், பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக நீங்களே பெயர் கொடுக்கலாம். புது ஊரில் பத்து வீட்டு வாசல் தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி ஏது?

கணினி இருந்தால்

சில கிளை நூலகங்களில் இணைய இணைப்போடு கணினி உண்டு. விண்ணப்பம் நிரப்ப, ஹால் டிக்கெட் எடுக்க உதவும். வேலை முடிந்ததும் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் உங்கள் ஆதார் நகலை அழித்துவிட்டு எழுந்திருங்கள். முன்னால் உட்கார்ந்தவரின் ஆதார் திறந்தே கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழுக்கெல்லாம் நூலகரை நச்சரிக்கக்கூடாது. அதற்கு இ-சேவை மையம், சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய்.

தேடும் புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும் பழைய இதழ்களும் இலவசம். அங்கும் இல்லை என்றால் சென்னை கன்னிமாரா பொது நூலகம். இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரவேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. தெற்கே இருப்பவர்களுக்கு 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கம்.

பழகிய பிறகு

ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்று ஒரு குழு இருக்கும். சில ஊர்களில் மாதக் கூட்டம் களைகட்டும், சில ஊர்களில் பலகையில் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். உயிரோடு இருக்கிற வட்டமாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள், ஊரின் ஆசிரியர்கள், வியாபாரிகள், மருத்துவர்கள் ஒரே இடத்தில் அறிமுகமாவார்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம், பெயரைப் பலகையில் எழுதுவார்கள். வசதி இருந்தால் கொடுங்கள், வந்த மாதமே கொடுக்காதீர்கள். தேர்தலில் நிற்கப்போகிறீர்களோ என்று ஊரில் சந்தேகப்படுவார்கள்.

வீட்டிலிருக்கும் பழைய புத்தகங்களைக் கொடுக்க நினைத்தால் முதலில் பட்டியலைக் காட்டுங்கள். கரையான் அரித்த பத்தாண்டுப் பழைய கைடுகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய் இறக்குவது தானம் ஆகாது, நூலகருக்கு அது கூடுதல் வேலை.

மறுபடி மாற்றல் வந்தால்

எடுத்த புத்தகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்து, உறுப்பினர் அட்டையையும் காப்புத்தொகை ரசீதையும் இணைத்து, தொகையைத் திரும்பத் தரும்படி ஒரு வரி விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பணம் அன்றைக்கே கைக்கு வராமல் போகலாம். எனவே லாரி வந்து நிற்கும் நாளில் போகாமல் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போங்கள். புது ஊர் வேறு மாவட்டமாக இருந்தால் அங்கே வேறு ஆணைக்குழு, இந்த அட்டை செல்லாது. மறுபடி படிவம், போட்டோ, ஆசிரியர் கையெழுத்து. போட்டோ எடுக்கும்போதே கூடுதலாக ரெண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.